நடந்தவளின் கையெழுத்து

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முதுகு மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் காலும் அத்தானின் காதும் எப்படி இருக்கின்றன?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ மூக்குக்கண்ணாடியைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். "அக்கா, ஒரு முக்கியமான விஷயம்" என்று நான் ஆரம்பித்தால், "அங்க மழையா?" என்கிறார். போன தடவை நாற்பது நிமிஷம் பேசினோம். அதில் முப்பத்தெட்டு நிமிஷம் மழை. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். போன வாரம் நூலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். வீதிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம். எங்கள் பட அறைக்கு ஆள் வருவதே அபூர்வம். புத்தகம் கேட்பவர்கள் வெளிச்சத்தில் மேலே இருப்பார்கள். நான் கீழ்த்தளத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்களோடும் வினிகர் வாடையோடும் இருப்பேன். பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் புளித்து நாறும். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரி, "ஊறுகாய் ஜாடி வந்தாச்சா?" என்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு 'சாலையைக் கடப்பது எப்படி?' வேண்டுமாம். ஆமாம், அப்பா எடுத்ததேதான். கட்டம் போட்ட கவுனில், தோளில் பையுடன் ஒரு சிறுமி வலது, இடது, மறுபடி வலது பார்த்துவிட்டுக் கடக்கிற அந்த நாற்பது வினாடி. பள்ளிக்கூடத்தில் அதை வருஷா வருஷம் காட்டும்போது, "அது எங்க அக்கா!" என்று கத்தி நான் வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கில்லை.

உடனே எங்கள் தலைமை நூலகரிடம் ஓடினேன். ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பதால் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர்.

"டப்பா யாருது?" என்றார்.

"நம்மது சார். போக்குவரத்துத் துறை படப்பிரிவை மூடினப்ப மொத்தமா நம்ம தலையில கட்டினாங்க."

"படம் யாருது?"

"டப்பாக்குள்ள இருக்கிறதுதான் சார்."

"பூட்டி வச்சிருக்கிறவன் எல்லாம் சொந்தக்காரனா? பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போறப்ப சாவிய என்கிட்டதான் குடுக்கிறார். வீடு என்னுதாயிடுமா? பதிப்புரிமை யாருதுன்னு கண்டுபிடிய்யா."

கண்டுபிடித்தேன். துறையின் பழைய கோப்பில் ஒரு கடிதம்: 'பதிப்புரிமை எடுத்தவருக்கே, துறைக்குக் காட்டும் உரிமை மட்டும்.' கீழே அப்பாவின் கையெழுத்து. அவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே சண்டை இதுவாகத்தான் இருக்கும். படம் வெளியாகி ஐம்பத்து நாலு வருஷமாகிறது. உரிமை அறுபது வருஷம். அப்பாவும் அம்மாவும் இல்லை, அதனால் மிச்சமிருக்கிற ஆறு வருஷத்துக்கு உரிமையாளர்கள் நீயும் நானும். நமக்கும் பிதுரார்ஜிதம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது பார்!

படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. படி எடுக்கிற இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றுகிறது, எங்களுக்கு ஜூனில் இரண்டு வாரம்தான். பட்டியல் ஜூன் பத்தோடு மூடப்படும். விட்டால் அடுத்த முறை மூன்று வருஷம் கழித்து. அதற்குள் ரீல் ஒட்டிப்போய்க் கருப்பட்டி மாதிரி ஆகிவிடும். பாதுகாப்புக்காகப் படி எடுக்க அனுமதியே தேவையில்லை என்று விதியில் ஒரு சந்து இருக்கிறதாம். முத்திரை சந்தில் நடப்பவரல்ல, நெடுஞ்சாலைக்காரர்.

மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். சின்ன வயதில் படிக்கட்டில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டவள், போயும் போயும் லிப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். இங்கே மழை இல்லை என்று சொல்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கண்ட தைலத்தையும் தேய்க்காதே.

அத்தானுக்கு இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் தனக்கு வேண்டியது மட்டும் கேட்கிறது. மருந்துக்கடைக்கு இப்போது காலையில் மட்டும்தான் போகிறேன். மாத்திரை எண்ணுகிறேன், வருகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவர் ஒழுகாத குழாயையும் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

படிவம் வந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ரோட்டைக் கடக்க வேறு பிள்ளையே கிடைக்கவில்லையா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன். முதுகு சிவந்தது, வலி அப்படியே இருக்கிறது. அத்தானின் காது எனக்கு இருந்திருந்தால் இந்த உத்தியோகத்தில் எவ்வளவு உயர்ந்திருப்பேன்!

அலமாரி நல்ல இடம்தான். ஆனாலும் எடுத்துக் கையெழுத்துப் போடு. இங்கே நான் படும் பாட்டைக் கேள்.

உரிமையாளரை நூலகம் 'முறைப்படி தேடி' கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதி. "சார், உரிமையாளர் உங்க எதிர்ல நிக்கிறேன்" என்றேன். "நிக்கிறது ஊழியர். உரிமையாளருக்குக் கடிதம் போகணும், பதிவுத் தபால்ல" என்றார் முத்திரை.

ஆகவே நானே எனக்கு எழுதினேன்: 'ஐயா, தங்களைக் கண்டறிய இந்நூலகம் பெருமுயற்சி மேற்கொண்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் குத்தினார். தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது நான் இங்கே அலுவலகத்தில். 'உரியவர் இல்லை' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அலுவலகத்திலிருந்து அனுப்பிய கடிதத்தை வாங்க அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'அலுவலகக் கடிதம் பெற' என்று எழுதினேன். முத்திரை சிரிக்காமல் அனுமதித்தார். அந்த மனிதரின் நெஞ்சழுத்தத்தை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

சம்மதம் என்று எனக்கே பதில் எழுதினேன். அதை வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு வாரிசு நம்ம ஊழியர். நாளைக்கு யாராச்சும் கேள்வி கேப்பாங்க. இன்னொரு வாரிசு கையெழுத்து இல்லாம டப்பா நகராது." அதாவது எல்லாம் இப்போது உன் கையில்.

இன்னொரு செய்தி. அந்த டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது, சின்னது. மூடியில் அப்பாவின் கோணல் எழுத்தில் 'கழிவு – 11' என்று எழுதியிருக்கிறது. சேர்க்காமல் விட்ட ஷாட்டுகள் என்று நினைக்கிறேன். துறைக்கு நல்ல ரீலைக் கொடுத்தவர் இதையும் ஏன் கூடவே கொடுத்தார் என்று புரியவில்லை. அடுத்த வாரம் திறக்கலாம் என்றிருக்கிறேன். நீ வலது இடது மறந்து முழிக்கிற காட்சி கிடைத்தால் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உரிமையாளர் மற்றும் ஊழியர்

மார்ச் 8

தம்பிக்கு,

நலம்.

இரண்டாவது டப்பாவைத் திறக்காதே.

ஒரு கேள்வி. படத்தில் இருப்பவளை உங்கள் விதி ஏதாவது கேட்கிறதா?

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஐந்தே நாளில் பதில் எழுதியது கண்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துதான் பிரித்தேன். நாங்கள் நலம். நீயும் நலம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

திறக்கவில்லை. மூடிக்கு மேலே மோந்து பார்த்ததோடு சரி. வாடை வர ஆரம்பித்திருக்கிறது.

உன் கேள்வியை முத்திரையிடம் கேட்டேன். மூக்கைச் சொறிந்துகொண்டே புத்தகத்தைப் புரட்டினார். "எடுத்தவருக்கு உரிமை. எழுதினவருக்கு உரிமை. பின்னணி இசை போட்டவருக்கு உரிமை. நடந்துபோனவங்களுக்கு... ஒண்ணும் போடலையே" என்றார்.

"அவங்கதானே சார் படமே?"

"அதுக்கு நான் என்னய்யா பண்றது? கேமராவுக்குப் பின்னாடி நின்னவரோட பொருள் அது. முன்னாடி நின்னவங்க விருந்தாளி."

ஆக, உன்னை மகள் என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பது எங்கள் கோப்புக்குத் தெரியாது.

உனக்கு இதில் ஏதோ பிடிக்கவில்லை என்று தெரிகிறது. முகம் தெரிவதாலா? அந்தப் பெண்ணிடம் சொல்லி முகத்தை மங்கலாக்கச் சொல்லலாம். ஒன்பது வயதில் இருந்த முகத்தை அறுபத்து மூன்றில் எவன் அடையாளம் காணப் போகிறான்? என் கல்யாணப் போட்டோவைக் காட்டினால் என் மகனே, "யாருப்பா இந்த ஒல்லி?" என்கிறான்.

குழாய் சரியாயிற்றா? பதில் போடு.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆறு வாரமாக உன் நலம் தெரியவில்லை.

நேற்று பொறுக்க முடியாமல் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "உன் கடுதாசி எல்லாம் அவ மருந்து டப்பாவுக்கு அடியிலதான் இருக்கு மாப்ளே. எடுத்துப் பாப்பா, திரும்ப வைப்பா. என்னய்யா எழுதித் தொலைச்சே?" என்றார். அப்புறம் மழையைப் பற்றிக் கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். ஒரு மாறுதலாக இருக்கட்டுமே.

அக்கா, எனக்கும் அலுத்துவிட்டது. அந்தப் பெண் வாரம் தவறாமல் வந்து, "அக்கா எழுதிட்டாங்களா?" என்று கேட்கிறாள். என் அக்கா அவளுக்கும் அக்காவாகிவிட்டாள். முத்திரை தினமும் பட்டியலைக் காட்டி விரலால் தட்டுகிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்களில் உரிமை தெளிவானவை பதினாலுதான். மற்றதெல்லாம் எடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தெரியாத அனாதைகள். அதது இருந்த இடத்திலேயே புளித்துக் கிடக்கிறது. நான் இத்தனை வருஷம் காவல் காத்தது ஒரு சவக்கிடங்கு என்று சில சமயம் தோன்றுகிறது. உயிரோடு இருக்கிற வாரிசு உள்ள ஒரு படம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். வாரிசோ வாயே திறக்கமாட்டேன் என்கிறாள்.

ஒன்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா மேல் உனக்கு என்ன? அவர் படுக்கையில் இருந்த மூன்று மாதமும் நீ வரவில்லை. "அக்கா எப்படா வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டே இருக்காப்பா" என்று தினமும் சொன்னேன். கடைசியில் காரியத்துக்கு வந்தாய், மத்தியானம் பஸ் ஏறிவிட்டாய். கால் வலி என்றாய். பதினெட்டு வருஷமாக நானும் கால் வலி என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போட முடியாதென்றால் முடியாது என்று ஒரு வரி எழுது. கோப்பை மூடிவிடுகிறேன். நான் போனில் கத்தாமல் இருந்தால் வலது காதாவது அத்தானுக்கு மிஞ்சும்.

தம்பி

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. இரண்டு வாரமாகக் காலில் வீக்கம். இப்போது வடிந்துவிட்டது. உன்னைக் காக்க வைத்தது தப்புதான். கோபத்தில் வைக்கவில்லை.

நான் படிக்கட்டில் விழுந்து கால் ஒடிந்தது என்றுதானே உனக்குத் தெரியும்? உனக்கு அப்போது ஒரு வயது. அம்மா அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள், உன்னிடமும் சொன்னாள். நாம் அப்போது குடியிருந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார். நீயும் அங்கேதான் வளர்ந்தாய். வாசலில் இரண்டு படி. மாடி கிடையாது.

அப்பா அந்தக் காட்சியைப் பத்துத் தடவை எடுத்தார். நான் பத்துத் தடவையும் சரியாகக் கடந்தேன். தலையைத் திருப்பச் சொன்ன இடத்தில் திருப்பினேன். பத்தாவது முடிந்ததும், "பிரமாதம்!" என்றார். பையைக் கழற்றிவிட்டேன். அப்புறம், "கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு, பத்திரத்துக்கு" என்றார். ரீல் மிச்சம் இருந்திருக்கும். மறுபடி பையை மாட்டிக்கொண்டேன். கேமராவுக்கு அவர் சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது.

வலது பார்த்தேன், இடது பார்த்தேன், மறுபடி வலது பார்த்தேன். மோட்டார் சைக்கிள் இடது பக்கத்திலிருந்து வந்தது. அவன் மேல் தப்பில்லை. பத்துத் தடவை வண்டிகளை மறித்து நின்ற கூட்டம் கலைந்து போயிருந்தது.

விழுந்ததும் வலிக்கவில்லை. கன்னம் தரையில் இருந்தது. கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. அவர் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு நினைவில்லை.

ரோடு பாதுகாப்புப் படத்தில் பிள்ளை அடிபட்டாள் என்று தெரிந்தால் துறை படத்தை நிறுத்திவிடும். அதனால் படிக்கட்டு. பத்தாவது டேக்கைத்தான் படத்தில் வைத்தார்கள். அதை உன் பள்ளியிலும் காட்டினார்கள், என் பள்ளியிலும் காட்டினார்கள். நான் கட்டுப் போட்ட காலோடு முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. அம்மாவிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சின்ன டப்பாவைத் திற. என்ன இருக்கிறதோ அதை எழுது. நீ சின்ன வயதிலிருந்தே எதையும் தாளிக்காமல் பரிமாற மாட்டாய். இதைத் தாளிக்காதே. எனக்கு ஆறுதல் வேண்டாம்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

திறந்தேன். வேறு யாரையும் கூட வைத்துக்கொள்ளவில்லை. இயந்திரத்தில் போட்டால் கிழியும், அதனால் மேஜையில் வைத்துக் கையால் சுற்றி, விளக்குக்கு மேலே பூதக்கண்ணாடி பிடித்து, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தேன். இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அது நெகட்டிவ். கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. உன் தலைமுடி வெள்ளையாக இருக்கிறது. அப்பாவின் வெள்ளைச் சட்டை கறுப்பாக இருக்கிறது.

பதினோராவது டேக் மட்டும்தான் டப்பாவில் இருக்கிறது. நீ நடைபாதையில் நிற்கிறாய். வலது, இடது, வலது. இறங்கி நடக்கிறாய். மூன்றாவது கோட்டைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிள் வருகிறது. நீ விழுகிறாய். படத்தின் கீழ் விளிம்பில் உன் தோளும் பையும் தெரிகின்றன. முகம் தெரியவில்லை.

விழுந்த பிரேமிலிருந்து எண்ணினேன். முப்பதாவது பிரேமில் படம் குலுங்கி ஒரு பக்கமாகச் சாய்கிறது. கேமரா நின்ற முக்காலியை யாரோ இடித்திருக்கிறார்கள். நாற்பத்தொன்றாவது பிரேமில் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. அடுத்ததில் தோள். அப்பா. ஒரு காலில் செருப்பு இல்லை. மண்டி போட்டு உன் மேல் கவிழ்கிறார். அதற்கப்புறம் அவருடைய முதுகுதான் படம் முழுக்க. ஒரு முறைகூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை.

நான் மூன்று தடவை எண்ணினேன். முதல் தடவை நாற்பது வந்தது, அடுத்த இரண்டு தடவையும் நாற்பத்தொன்று. ஒரு வினாடிக்கு இருபத்து நாலு பிரேம்.

அதற்குப் பிறகும் படம் ஓடுகிறது. சாய்ந்தபடியே ஏறக்குறைய பதினெட்டு வினாடி ஓடிப் பாதியில் நின்றுபோகிறது. பழைய கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். அவரிடம் எதற்கென்று சொல்லாமல் கேட்டேன். "சாவி கொடுத்த கேமரா சார் அது. விசைய ஓட்டத்துல மாட்டிவிட்டா, பக்கத்துல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் சாவி தீர்ற வரைக்கும் அதும்பாட்டுக்கு ஓடும்" என்றார்.

நீ கேட்ட சத்தம் அது. அப்போது கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

படிக்கட்டுக் கதைக்கு இந்த டப்பாவில் எதுவும் இல்லை. அவர் ஏன் அதற்குச் சம்மதித்தார், ஏன் உன்னிடம் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை என்று பிலிம் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

அந்த வீட்டில் இருபது வருஷம் இருந்தேன். மாடி இல்லை என்பது நீ எழுதிய பிறகுதான் உறைத்தது. ஊரில் உள்ள படத்துக்கெல்லாம் மூலம் தேடுகிறவன் நான்.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? சின்ன டப்பாவுக்கும் ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கும் அவசரமில்லை. அவசரம்தான், ஆனாலும் இல்லை.

தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். வீக்கம் இல்லை. அத்தானுக்குக் காதில் வைக்கும் கருவி வாங்கினோம். முதல் நாளே, "நீ இவ்வளவு சத்தமாவா பேசுவே?" என்று கழற்றி வைத்துவிட்டார்.

நாற்பத்தொன்றை இருபத்து நாலால் வகுத்தேன். கடையில் மாத்திரை எண்ணும்போதும் வகுத்தேன். ஒன்றே முக்கால் வினாடிகூட இல்லை. ஐம்பத்து நாலு வருஷமாக அதை நான் வேறு நீளத்தில் வைத்திருந்தேன்.

அவர் கேட்டபோதெல்லாம் நான் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாயே. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று போன மாதம் வரை நினைத்தேன். சொன்னதே நல்லது.

இரண்டு படிவமும் இத்துடன் இருக்கிறது. ஒன்று பெரிய டப்பாவுக்கு. அந்தப் பெண் எடுத்துக்கொள்ளட்டும், முகத்தை மங்கலாக்க வேண்டாம். ஒரே நிபந்தனை. நடுரோட்டில் வெட்டக் கூடாது. நான் எதிர்ப்பக்கம் போய் நடைபாதையில் ஏறும் வரை ஓட வேண்டும். பத்துத் தடவை சரியாகக் கடந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஒரு தடவையாவது முழுதாகப் பார்க்கட்டும்.

இன்னொன்று சின்ன டப்பாவுக்கு. படி எடு. யாருக்கும் காட்டாதே. எனக்கு ஒன்று வேண்டும்.

'படைப்புடன் விண்ணப்பதாரரின் தொடர்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு எனக்குச் சரியென்று பட்டதை எழுதியிருக்கிறேன். உங்கள் முத்திரைக்குப் பிடிக்காவிட்டால் சொல். ஆனால் மாற்றித் தரமாட்டேன்.

முதுகுக்கு ஒத்தடத்தை நிறுத்தாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். என் முதுகுகூட இந்த வாரம் என்னோடு பேசுகிறது. உன் தபால் எட்டாம் தேதி வந்தது, பட்டியல் மூட இரண்டு நாள் இருக்கும்போது. நம் குடும்பத்தில் இதற்கு முன்னால் எதுவும் இவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.

படிவத்தை முத்திரையிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னய்யா இது? தொடர்புங்கிற இடத்துல 'நடந்தவள்'னு இருக்கு."

"ஆமா சார்."

"மகள், மனைவி, பேரன், பங்குதாரர், இவ்வளவுதான் வகை. நடந்தவள்னு ஒரு வகையே கிடையாது. திருத்தி வாங்கு."

"தரமாட்டாங்க சார்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

பெரிய டப்பாவின் ரீலை மாட்டி ஓட்டினேன். எங்கள் இயந்திரம் கடகடவென்று முனகியது. நீ கவுனும் பையுமாக நின்றாய். வலது, இடது, வலது. இறங்கி நடந்தாய். பாதி ரோட்டில் அந்த மனிதர் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நீ எதிர்ப்பக்கம் போய் ஏறியதும்தான் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இவங்கதானா?"

"இவங்கதான் சார்."

பிறகு சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். நடந்தவள் என்று நீ எழுதிய கட்டத்தின் பக்கத்திலேயே குத்தினார். "வகை இல்லேன்னா என்ன, கீழ கையால ஒண்ணு சேத்துக்கோ. நாளைக்கு வேற யாராச்சும் வருவாங்க" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சந்துக்குள் கால் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணும் உன் நிபந்தனைக்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு டப்பாவும் இன்று காலை இயந்திரத்துக்குப் போயின. உனக்குள்ள படியைத் தபாலில் அனுப்ப மாட்டேன். தபால்காரர் மறுபடி 'உரியவர் இல்லை' என்று எழுதிவிடுவார். மாதக் கடைசியில் நானே கொண்டுவருகிறேன். மூன்று மாடியும் ஏறி வருவேன். நடுவில் இரண்டு இடத்தில் உட்காருவேன். மேலே வந்ததும் டீயும் வெந்நீர் ஒத்தடமும் தயாராக இருக்கட்டும்.

அத்தானையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கருவி தேவைப்படாது. அந்தப் படத்தில் சத்தமே கிடையாது.

அன்புடன்,
வந்துகொண்டே இருக்கும் தம்பி